கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்த இரவு: 55-வது சூப்பர் பௌலில் தவறு மஹோம்ஸுடையதா, முன்வரிசையுடையதா?

அமெரிக்கக் கால்பந்து லீக்கின் ஆண்டு இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் நான்காம் கால்பகுதி தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. டாம்பா பே பக்கனியர்ஸ் 31, கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 9. சீஃப்ஸுக்கு நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி. 9 யார்டு எடுக்காவிட்டால் பந்து கைமாறிவிடும். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் பந்தை வாங்கினார், பின்னால் போனார், துரத்தினார்கள், இன்னும் பின்னால் போனார். கடைசியில் கால் இடறி, உடம்பு தரைக்கு இணையாகக் காற்றில் கிடந்த நொடியில், கையை மட்டும் சுழற்றிப் பந்தை எறிந்தார். புள்ளி எடுக்கும் எல்லைப் பகுதியான எண்ட் ஸோனில் நின்ற சக வீரர் டாரல் வில்லியம்ஸின் முகக்கம்பியில் அது பட்டுக் கீழே விழுந்தது. ஆட்டக் குறிப்பேட்டில் அது வெறும் 'பிடிபடாத பாஸ்'. மஹோம்ஸின் பெயருக்கு நேரே எழுதப்பட்ட ஒரு தோல்வி.

2021 பிப்ரவரி 7, டாம்பா நகரின் ரேமண்ட் ஜேம்ஸ் மைதானம். அந்த ஒரு ஆட்ட நகர்வை எத்தனை முறை திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் எழும். அவர் ஓடியதால் அவரைக் காக்கும் முன்வரிசை சிதறியதா, முன்வரிசை சிதறியதால் அவர் ஓடினாரா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் ஊரில் சொல்வார்கள். குவார்ட்டர்பேக் தன் தடுப்பாளர்களைக் குறை சொல்லும்போதெல்லாம் இந்தப் பழமொழிதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கும் நாளும் உண்டு. அன்று அப்படித்தான் இருந்ததா என்று அளந்து பார்ப்பதே இந்த ஆய்வு.

ஸ்கோர்கார்டு மறைத்தது

மஹோம்ஸின் அன்றைய கணக்கு: 49 பாஸில் 26 பிடிபட்டன, 270 யார்டு, டச்டவுன் (எண்ட் ஸோனில் பந்தைச் சேர்ப்பது) இல்லை, எதிரணி பிடித்துக்கொண்ட 'இன்டர்செப்ஷன்' இரண்டு. பந்தோடு அவரை வீழ்த்திய 'சாக்' மூன்றே மூன்று. இதை மட்டும் பார்க்கிறவர், 'மூன்று சாக்தானே, முன்வரிசை தன் வேலையைச் செய்திருக்கிறது, குவார்ட்டர்பேக்தான் சொதப்பிவிட்டார்' என்று முடிவு கட்டுவார்.

அடுத்த கணக்கைப் பாருங்கள். பாஸ் எறியப் பின்வாங்கிய 56 தடவையில் 29 தடவை எதிரணி அவரை நெருக்கியது. சூப்பர் பௌல் வரலாற்றில் வேறெந்தக் குவார்ட்டர்பேக்கும் அவ்வளவு நெருக்கடியைச் சந்தித்ததில்லை. எதிரணிக் குவார்ட்டர்பேக் டாம் பிரேடிக்கு அன்று வந்தது நான்கே நான்கு. பந்தை எறிவதற்கோ விழுவதற்கோ முன்னால் மஹோம்ஸ் ஓடித் தீர்த்த தூரம் மொத்தம் 497 யார்டு. ஒரு மைதானத்தின் கோல் கோடுகளுக்கு இடையே 100 யார்டு. அப்படியானால் ஏறக்குறைய ஐந்து மைதான நீளம், அதுவும் பின்னாலும் பக்கவாட்டிலும்.

சாக் எண்ணிக்கையை வைத்து முன்வரிசையை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. சாக் என்பது நெருக்கடியின் கடைசிக் கட்டம் மட்டுமே. வேகமான குவார்ட்டர்பேக் முன்வரிசையின் தவறைத் தன் காலால் மறைத்துவிடுவார். மெதுவானவர் பின்னால் அதே தவறு ஏழெட்டு சாக் ஆகியிருக்கும். இன்னொன்றும் உண்டு: எந்தச் சாக் எந்தத் தடுப்பாளரின் தவறு என்று லீக்கின் அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரம் சொல்வதே இல்லை. வெளியே காணொளி பார்த்துக் குறிக்கும் நிறுவனங்கள்தான் அதைச் செய்கின்றன. அன்றைய தடுப்புத் திட்டத்தில் யார் யாரைத் தடுக்கச் சொல்லியிருந்தார்கள் என்பது அவர்களுக்கும் ஊகம்தான்.

அந்த ஐந்து பேர்

தாக்கும் அணியின் முன்வரிசையில் ஐவர்: நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்ட், இரு கடைசியிலும் டேக்கிள். சீஃப்ஸ் அந்தப் பருவத்துக்காக மனத்தில் வைத்திருந்த ஐவர் வேறு. வலது டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகுக் காயத்தால் அக்டோபருக்குப் பிறகு ஆடவே இல்லை. கார்ட் கெலெச்சி ஒசெமெலெ ஐந்தாவது வாரத்தில் இரு முழங்காலும் பாதிக்கப்பட்டு விலகினார். இன்னொரு கார்ட் லோரான் டுவெர்னே-டார்டிஃப் ஒரு மருத்துவர்; கோவிட் காலத்தில் மான்ட்ரியால் அருகே ஒரு பராமரிப்பு இல்லத்தில் பணியாற்றப் பருவத்தையே துறந்தவர். கடைசி அடி ஜனவரி 24-இல் விழுந்தது. பஃபலோ பில்ஸுக்கு எதிரான ஏஎஃப்சி (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதிப் போட்டியின் கடைசிக் கால்பகுதியில் இடது டேக்கிள் எரிக் ஃபிஷரின் குதிகால் தசைநாண் அறுந்தது. அதற்கும் சூப்பர் பௌலுக்கும் இடையே சரியாக இரண்டு வாரம்.

அந்த இரண்டு வாரத்தில் எடுத்த முடிவுதான் இந்த வழக்கின் மையம். வலது டேக்கிளாக ஆடிக்கொண்டிருந்த மைக் ரெம்மர்ஸை இடது டேக்கிளுக்கு மாற்றினார்கள். வலது கார்ட் ஆண்ட்ரூ வைலியை வலது டேக்கிளுக்குத் தள்ளினார்கள். காலியான வலது கார்ட் இடத்தில், நவம்பரில் மாற்று வீரர்களுக்கான பயிற்சிக் குழுவுக்குத் திரும்பியிருந்த ஸ்டெஃபன் விஸ்னியூஸ்கி. சென்டர் ஆஸ்டின் ரைட்டரும் இடது கார்ட் நிக் அலெக்ரெட்டியும் மட்டும் பழைய இடத்தில். ஒரு ஆள் இல்லாததற்காக மூன்று இடங்கள் மாறின. மாற்று வீரர் ஒருவரை நேராக இடது டேக்கிளில் நிறுத்தியிருந்தால், அவர் பலவீனமானவராக இருந்தாலும், ஓட்டை ஒன்றுதான். அதை எங்கே அடைப்பது என்றும் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட ஒருவர் கையில் இருந்தாரா என்பது வேறு விஷயம். அனுபவசாலிகளை நம்பினார்கள், விளைவு, இரு விளிம்பும் ஒரே சமயத்தில் புதிதாயின.

இடம் மாறுவது வெளியிலிருந்து பார்க்கச் சின்ன விஷயமாகத் தெரியும். செய்பவருக்கு அது இடக்கையால் எழுதுவது போல. வலது டேக்கிள் வலது காலைப் பின்வைத்து நிற்பார். ஸ்நாப் ஆனதும், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்ததும், அந்தக் காலைப் பின்னால் உதைத்துச் சரிவார். வெளிக்கை வலது கை. இடது டேக்கிளுக்கு எல்லாமே தலைகீழ். எந்த இடுப்பு முதலில் திறக்க வேண்டும், எந்தக் கை முதலில் குத்த வேண்டும், எடை எந்தக் காலில் என்பதெல்லாம் யோசித்துச் செய்கிற காரியங்கள் அல்ல. யோசித்தால் கால் நொடி போய்விடும். அந்தக் கால் நொடியில், விளிம்பிலிருந்து பாயும் எட்ஜ் ரஷர் தோளைத் தாண்டிவிடுவார். கார்டாக இருந்தவர் டேக்கிள் ஆவதில் சிக்கல் வேறு மாதிரி. கார்டின் வேலை நெருக்கடியான இடத்தில். இரு பக்கமும் துணைக்கு ஆள். டேக்கிளுக்கு வெளிப்பக்கம் திறந்த மைதானம், துணை ஒரு பக்கம்தான். கனத்த எதிரியோடு நெஞ்சோடு நெஞ்சு மோதிப் பழகியவர், வேகமான எதிரியை வளைந்து ஓட விட்டுக் கூடவே நகர வேண்டும்.

அவர்களுக்கு எதிரே நின்றவர்கள்: விளிம்புகளில் ஷாக்கில் பாரெட், ஜேசன் பியர்-பால். உள்ளே என்டமுக்கன் சூ, வீட்டா வேயா. நால்வரில் ஒருவரைக்கூடத் 'தற்போதைக்கு ஒற்றை ஆளை விட்டுச் சமாளிக்கலாம்' என்று விட முடியாது.

ரெம்மர்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரி 7-இல், 50-வது சூப்பர் பௌலில் கரோலைனாவின் வலது டேக்கிளாக நின்று டென்வரின் வான் மில்லரிடம் திணறியவர் அவர்தான். இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து வைத்து அவரைக் கிழித்துப் போட்டார்கள். அது அநியாயம். மில்லர் அந்த ஆண்டின் சூப்பர் பௌல் நாயகன். 2021-இலோ ரெம்மர்ஸ் நின்றது தன்னுடையதல்லாத இடம். இரண்டு தடவையும் துணைக்கு யாரை அனுப்பினார்கள் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

ஒரு ஆட்ட நகர்வில் பழியைப் பிரிப்பது எப்படி

முதலில் எதிரணியில் எத்தனை பேர் பாய்ந்தார்கள், இந்தப் பக்கம் எத்தனை பேர் தடுத்தார்கள் என்று எண்ண வேண்டும். ஆறு பேர் பாய்ந்து ஐந்து பேர் தடுத்தால் ஆறாவது ஆளுக்குப் பொறுப்பு குவார்ட்டர்பேக்குடையது. அவர் ஸ்நாப்புக்கு முன்பே அதைக் கண்டு திட்டத்தை மாற்றியிருக்க வேண்டும், அல்லது பந்தை உடனே எறிய வேண்டும். நான்கு பேர் பாய்ந்து ஐந்து பேர் தடுத்தும் ஒருவன் தடையின்றி வந்தால் பழி முன்வரிசையைச் சேரும்.

அடுத்து, காலம். ஸ்நாப்பிலிருந்து 2.5 நொடி என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவுகோல். ஒரு தடுப்பாளர் அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தால் தன் வேலையைச் செய்துவிட்டார் என்றே கணக்கு. 1.8 நொடியில் கை வந்தால் தடுப்பாளரின் தோல்வி. 4 நொடிக்கு மேல் போய் வந்தால், அது பெரும்பாலும் பின்களக் காவலின் வெற்றி; எறிய ஆள் கிடைக்காமல் குவார்ட்டர்பேக் பந்தை வைத்திருந்திருக்கிறார். காணொளியில் இதை அளக்கும்போது எறிந்த கணத்தை அல்ல, குவார்ட்டர்பேக்கின் கண் முதல் தடவை கீழே இறங்கிய கணத்தை, அதாவது பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரை விட்டுப் பாய்பவரைப் பார்த்த கணத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாஸ் ஆட்டம் உடையும் இடம் அதுதான்.

மூன்றாவது, ஆழம். பலரும் தவறவிடுவது இதைத்தான். ஷாட்கன் அமைப்பில் குவார்ட்டர்பேக் 5 யார்டு பின்னால் நின்று பந்தை வாங்கி, மூன்று அடி வைத்து, 7 முதல் 9 யார்டு ஆழத்தில் நிற்க வேண்டும். டேக்கிள்கள் இந்தப் புள்ளியை மனத்தில் வைத்துத்தான் தடுக்கிறார்கள். எட்ஜ் ரஷரை நேராக நிறுத்துவது அவர்கள் நோக்கம் அல்ல. வெளியே வளைத்து, குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் ஓடவிட்டுவிடுவது. குவார்ட்டர்பேக் ஓர் அடி முன்னே ஏறினால் பாய்பவர் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார். அதே குவார்ட்டர்பேக் 11, 12 யார்டுக்குப் பின்வாங்கிவிட்டால், டேக்கிள் சரியாக வளைத்துவிட்ட எதிரியின் பாதையிலேயே போய் நிற்பார். டேக்கிள் செய்த நல்ல வேலை காணொளியில் தவறாகத் தெரியும்.

கடைசியாக, நெருக்கடி எங்கிருந்து தொடங்கியது. விளிம்பிலிருந்து வந்தால் முன்னே ஏறித் தப்பலாம். நடுவிலிருந்து வந்தால் ஏற இடமில்லை. பின்னால்தான் ஓட வேண்டும், அப்படி ஓடினால் விளிம்புகளில் காத்திருப்பவர் கையில் விழ வேண்டும். சூவும் வேயாவும் நடுப்பகுதியை அழுத்திக்கொண்டிருந்ததால் மஹோம்ஸுக்கு முன்னே ஏறும் வழி பல தடவை அடைபட்டது. அதனால்தான் ஆழத்தை மட்டும் வைத்து அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது.

பௌல்ஸ் விரித்த வலை

டாம்பாவின் அன்றைய தற்காப்புப் பயிற்சியாளர் டாட் பௌல்ஸ், நிறைய ஆட்களைப் பாயவிடும் பிளிட்ஸ் ஆட்டத்துக்குப் பெயர் பெற்றவர். அதே பருவத்தில் 2020 நவம்பர் 29-இல் இதே இரு அணிகளும் இதே மைதானத்தில் மோதியபோது சீஃப்ஸின் ரிசீவர் டைரீக் ஹில் 13 பந்து பிடித்து 269 யார்டும் மூன்று டச்டவுனும் எடுத்தார். அதில் 203 யார்டு முதல் கால்பகுதியிலேயே. மஹோம்ஸ் 462 யார்டு எறிந்தார். சீஃப்ஸ் 27-24 என்று வென்றது.

பத்து வாரம் கழித்து பௌல்ஸ் தன் கையொப்பத்தையே மாற்றினார். பிளிட்ஸை ஏறத்தாழப் பத்தில் ஒரு தடவையாகக் குறைத்தார். பின்களக் காவலர்களான இரண்டு சேஃப்டிகளையும் ஆழத்தில் நிறுத்தி, ஹில்லின் தலைக்கு மேல் எப்போதும் ஒரு ஆள் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். நால்வர் பாய, ஏழு பேர் பின்னால் காவல். ஹில் அன்று 7 பந்து, 73 யார்டோடு நின்றார். தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் டிராவிஸ் கெல்சி 133 யார்டு எடுத்தார். அதை பௌல்ஸ் விட்டுக்கொடுத்தார் என்றே சொல்லலாம்.

இந்த வலையின் கணக்கு எளிது. ஏழு பேர் காவல் நின்றால் ரிசீவர் காலியாக 3 நொடிக்கு மேல் ஆகும். நால்வர் 2.5 நொடியில் வந்துவிட்டால் அந்த 3 நொடி கிடைக்காது. ஆகவே நால்வரை நிறுத்த இன்னும் ஆள் சேர்க்க வேண்டும், அல்லது 3 நொடி தேவைப்படாத ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீஃப்ஸ் இரண்டையும் போதுமான அளவு செய்யவில்லை.

கையில் இருந்த மருந்துகள் பல. டைட் எண்டோ, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கோ எட்ஜ் ரஷரின் தோளில் ஓர் இடி கொடுத்துவிட்டுப் பிறகு பந்து பிடிக்கும் பாதையில் (ரூட்) ஓடும் 'சிப்'. டேக்கிளுக்கு அரை நொடி மிச்சமாகும். ஆறு அல்லது ஏழு பேர் நின்று தடுப்பது. ஒரு ரிசீவர் குறைவார், ஆனால் பந்தை எறியவாவது முடியும். பாய்பவரை வரவிட்டு அவர் தலைக்கு மேல் எறியும் ஸ்க்ரீன் பாஸ். 1.5 நொடியில் கையை விட்டுப் போகும் ஸ்லான்ட் என்ற குறுக்குப் பாஸ். இவை எல்லாவற்றையும்விட எளியது, ஓட்டம். இரண்டு சேஃப்டியும் ஆழத்தில் நிற்கும்போது முன்னால் ஆள் குறைவு. ரன்னிங் பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் அன்று 9 தடவை ஓடி 64 யார்டு எடுத்தார். தடவைக்கு 7 யார்டுக்கு மேல். அவருக்கு ஒன்பதே தடவை, பாஸுக்கோ 56 தடவை பின்வாங்கல். இடைவேளையில் 21-6 என்று பின்தங்கியதால் பாஸ்தான் எறிய வேண்டும் என்ற அவசரம் புரிகிறது. ஆனால் இரண்டு டேக்கிளும் திணறுவது முதல் பாதியிலேயே தெரிந்துவிட்டது. ஓட்டம் புள்ளிகளை வேகமாகத் தராவிட்டாலும், பாய்பவர்களைக் கண்மூடித்தனமாக ஓடிவரவிடாமல் ஒரு கணமாவது தயங்க வைத்திருக்கும். புதிய டேக்கிள் இருவருக்கும் அந்தத் தயக்கம்தான் வேண்டியிருந்தது.

மஹோம்ஸின் பங்கு

அவரை முழுதாக விடுவிக்கவும் முடியாது. தொடக்கத்தில் சில தடவை அடி வாங்கியதும், தடுப்பாளர்கள் அமைக்கும் காப்பு வளையமான பாக்கெட் இன்னும் உடையாத ஆட்டங்களிலும் அவர் பின்னால் சரிய ஆரம்பித்தார். அந்த 29 நெருக்கடிகளில் ஒரு பகுதி அவரே வரவழைத்தது. மற்ற நாட்களில் அவரைத் தனித்துக் காட்டும் அதே பழக்கம்தான் இது: ஒழுங்கான ஆட்டம் கலைந்த பிறகு தன்னால் இன்னொரு ஆட்டத்தை உண்டாக்க முடியும் என்ற நம்பிக்கை. ஏழு பேர் ஆழத்தில் முகம் பார்த்து நிற்கும்போது அந்த நம்பிக்கை எடுபடாது. எத்தனை யார்டு ஓடினாலும் காலியான ஆள் கிடைக்கமாட்டார். குட்டைப் பாஸை எடுத்துக்கொண்டு அடுத்த டவுனுக்குப் போக வேண்டிய இடங்களில் பெரிய பாஸுக்குக் காத்திருந்தார்.

அதோடு கால். ஜனவரி 17-இல் கிளீவ்லாந்துக்கு எதிராக இடது பாதத்தின் பெருவிரல் மூட்டில் காயம் பட்டிருந்தது. வலக்கையால் எறிபவருக்கு இடது கால்தான் எறியும்போது ஊன்றும் கால். ஆட்டம் முடிந்த மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அந்தக் காலோடு 497 யார்டு ஓடினார் என்பதைச் சேர்த்துத்தான் அவர் பங்கை நிறுக்க வேண்டும்.

பழியை வரிசைப்படுத்தினால் முதலில் வருவது ஆண்டி ரீட் தலைமையிலான பயிற்சியாளர் குழுவின் தடுப்புத் திட்டம்: மூன்று இடம் மாறிய ஐவரை, பெரும்பாலும் துணையின்றி, நீண்ட ரூட்டுகளுக்காக நிறுத்தியது. அடுத்தது டேக்கிள்கள் இருவரும். தோற்றார்கள், ஆனால் தோற்கும்படி வைக்கப்பட்ட இடத்தில். மூன்றாவது மஹோம்ஸ். முதல் பாதியில் மட்டும் சீஃப்ஸுக்கு 95 யார்டு பெனால்டி விழுந்ததையும், பக்கனியர்ஸ் உண்மையிலேயே மிக நன்றாக ஆடியதையும் இந்த வரிசைக்கு வெளியே வைத்திருக்கிறோம். அவை தோல்வியை விளக்குகின்றன, அந்த 29 நெருக்கடிகளை விளக்கவில்லை.

இரண்டு பின்சாட்சிகள்

அடுத்த மாதமே ஃபிஷரையும் ஷ்வார்ட்ஸையும் சீஃப்ஸ் விடுவித்தது. ஜோ தூனி வந்தார், பால்ட்டிமோரிலிருந்து ஓர்லாண்டோ பிரவுன் வந்தார், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் கிரீட் ஹம்ஃப்ரியும் டிரே ஸ்மித்தும். ஐந்து இடமும் புதிது.

2023 பிப்ரவரி 12, 57-வது சூப்பர் பௌல். எதிரே, அந்தப் பருவத்தில் 70 சாக் எடுத்த ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். மஹோம்ஸ் அன்று ஒரு தடவைகூட சாக் ஆகவில்லை. சீஃப்ஸ் 38-35 என்று வென்றது. வலது டேக்கிள் யார் தெரியுமா? அதே ஆண்ட்ரூ வைலி. இடையில் அந்த இடத்தில் ஆடிப் பழகியிருந்தார். மற்ற நால்வரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். பந்தும் சீக்கிரம் கையை விட்டுப் போனது. மைதானம் வழுக்கியதும் பாய்பவர்களின் வேகத்தைக் குறைத்தது, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் 2021-இல் 'இவனால் முடியாது' என்று எழுதப்பட்ட ஒருவர், தனக்கான இடத்தில், தோதான திட்டத்தோடு நின்றபோது என்ன செய்தார் என்பது கண்முன் இருக்கிறது.

2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ், 59-வது சூப்பர் பௌல். மீண்டும் ஈகிள்ஸ். இடது டேக்கிள் இடத்தைச் சீஃப்ஸால் பருவம் முழுக்க நிரப்ப முடியவில்லை. பிற்பகுதியில் இடது கார்டான தூனியையே அங்கே நகர்த்தியிருந்தார்கள். ஈகிள்ஸ் ஒரு தடவைகூட பிளிட்ஸ் செய்யவில்லை. நால்வரே பாய்ந்து மஹோம்ஸை ஆறு தடவை சாக் செய்தார்கள். இடைவேளையில் 24-0. முடிவில் 40-22.